மாடி இல்லாத வீடு

பீப். பீப். பீப்.

திரையில் எண் ஏறியது. எழுபது. தொண்ணூறு. நூற்றுப் பத்து.

அவர் படுக்கையில் அசையாமல் கிடந்தார். நெஞ்சு மட்டும் ஓடியது.

மனைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. நான்தான் தட்டிப் பார்த்தேன்." டெக்னீஷியன் பெண், அவர் நெஞ்சின் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைத்திருந்த இடத்திலிருந்து விரலை எடுத்தாள்.

எண் இறங்கியது. அலறல் அடங்கியது.

உடம்பு குலுங்கினால் படியேறுகிறார் என்று உள்ளே இருக்கும் அந்த மெஷின் நினைத்துக்கொள்ளும். துடிப்பைக் கூட்டும். இவருக்குக் குலுக்கலை உணரும் அந்த அளவைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிட்டார்கள்.

தினமும் காலையில் ஒருமுறை துடிப்பு இப்படி எகிறியிருந்தது. மெஷின் பதிந்து வைத்திருந்த கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

"காலையில மாடிப்படி ஏறுறீங்களா ஐயா?"

"எங்க வீட்ல மாடியே கிடையாது தாயி," மனைவி முந்திக்கொண்டாள். "சாய்வு நாற்காலிய விட்டு எந்திரிச்சாலே இவுகளுக்கு மலையேறுன மாதிரி."

"பைக்? ஆட்டோ? உடம்பு குலுங்குற மாதிரி வேற ஏதாவது?"

அவர் தலையசைத்தார். இல்லை.

பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"குலுங்காமலே ஏறுதுன்னா அளவைக் குறைச்சுப் பிரயோஜனமில்ல. இதயமே தாறுமாறாத் துடிச்சு, மெஷினையும் சேர்த்து இழுத்துட்டு ஓடுதுன்னு அர்த்தம். டாக்டர் இன்னைக்கே அட்மிட் பண்ணச் சொல்லுவார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை போதும். அளவைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாயைத் திறந்தார்.

பக்கத்தில் அவள் நின்றாள்.

பிள்ளையை எமனுக்குத் தூக்கிக் கொடுத்த அன்று, மனுஷன் பாறை மாதிரி நின்றாரே என்று ஊரே சொன்னது. அந்தப் பாறையில் சாய்ந்துதான் இவள் இத்தனை மாதத்தை ஓட்டியிருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டார்.

பிறகு, கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"அட்மிட் பண்ணிக்கிடுங்க."

டாக்டரைக் கூப்பிட அந்தப் பெண் போனை எடுத்தாள்.

மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தெனமும் காலையில குளிக்கப் போனா குழாயத் தொறந்து விட்டுட்டு, குலுங்கிக் குலுங்கி அழுவாக தாயி. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு."