கிரிபண்டாவின் எல்லைக்கல்

"கள்ளன் வீடு போவுது. நீ எதுக்கு புள்ள தவிக்கிற?" என்று கேட்டுவிட்டு, வீட்டை இடிக்க அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான் மீனம்மாவின் புருஷன் செல்லசாமி.

மீனம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடுப்பில் பிள்ளையோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

இது நடந்தது அறுபத்திரண்டில். அந்த வீடும் எல்லைக்கல்லும் இருந்த இடத்தில் இப்போது தேயிலைதான் நிற்கிறது.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை, எல்லைவரை தேயிலை போடச் சொன்னார். கல்லுக்குக் கல் கயிறு பிடித்தார்கள். பக்கத்துக் கிராமத்துக் கிரிபண்டாவின் வீடு, மாட்டுப்பட்டி, மரக்கறிப் பாத்தி எல்லாமே தோட்டத்துக்குள் விழுந்தன. தோட்டத்துக் காணியைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் உட்கார்ந்திருந்தானே சிங்களவன் என்று லயம் முழுக்க அதே பேச்சு. கிரிபண்டாவோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

இன்னும் காணி பிடிக்கவென்று கல்லை யாராவது நகர்த்தினதைப் பார்த்தீர்களா என்று கணக்கப்பிள்ளை வீடு வீடாகக் கேட்டார். மீனம்மா வாயே திறக்கவில்லை.

அவள் பார்த்திருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில், விறகுக்குப் போன ஒரு விடியற்காலை. பனிமூட்டத்துக்குள் கிரிபண்டா தனியாக அந்தக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் மனிதருக்கு வீட்டோடு மானமும் போகும், பொலிசும் வரும்.

மனசு கேட்காமல் மேலே கிரிபண்டா வீட்டுக்கு ஏறிப் போனாள். கூரையைப் பிரித்துவிட்டார்கள். வாய் செத்த மனுஷன் என்று பெண்சாதி சிங்களத்தில் திட்டிக்கொண்டிருக்க, கிரிபண்டா பசுவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மீனம்மா கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதீங்க ஐயா. நீங்க கல்லைப் புரட்டினத நான் பாத்தேன். யாருக்கும் சொல்லல."

திடுக்கிட்டவர், பிறகு சிரித்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

"எந்தப் பக்கமா புரட்டினேன், அதப் பாத்தியா?"

"பனியில அது தெரியலங்க."

"என் பக்கமா. நீங்க தண்ணி புடிக்கிற பீலி அப்ப என் காணியில இருந்துச்சு. எல்லை தாண்டினா தொரைமாரு அரைப் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம் போயிரும். புள்ளத்தாச்சிகூட தண்ணிக்கு ஆத்துக்கு எறங்கி ஏறினா. அதான் பீலிய ஒங்க பக்கம் விட்டேன். கயிறு புடிச்சா வீடும் சேந்து போவும்னு அப்ப தோணல."

மீனம்மா கீழே இறங்கத் திரும்பினாள். "இப்பவே போயி தொரைகிட்ட சொல்றேன் ஐயா."

"சொல்லாத" என்றார் கிரிபண்டா. "கல்லு பழைய எடத்துக்குப் போனா வீடு எனக்கு வந்துரும். பீலியும் வந்துரும்."