பாலத்தில் கேட்கும் சத்தம்

"சார், உங்க வண்டிச் சத்தத்தை வேணா நான் குறைச்சுத் தரட்டுமா?"

மாடிவீட்டு மெக்கானிக் எப்படியோ கேட்டுவிட்டார். கீழ்வீட்டுக்காரர் தன் சிவப்புக் காரின் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத் திரும்பினார். ஆறடி உயரம். வாசலை மறித்து வேன் நிறுத்திய ஆளைப் போன வாரம் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிய கை அது. மெக்கானிக்கோ கரப்பான்பூச்சிக்கே வழிவிட்டு ஒதுங்குகிற ரகம்.

மாடியில் குடியிருந்துகொண்டு அந்த ஆளிடம் வம்பு எதற்கு என்று மெக்கானிக்கின் மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஆனால் சிட்டுவை நினைத்தால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

சிட்டு, கீழ்வீட்டுக்காரரின் மகள். ஐந்து வயது. அந்தக் காரின் சைலன்சரைக் கழற்றிக் கடாசிவிட்டு வெறும் குழாயை மாட்டியிருந்தார்கள். இன்ஜினையும் பந்தயத்துக்கு விடுகிற மாதிரி மாற்றியாயிற்று. மாலை ஏழு மணிக்கு அது பாலத்தில் ஏறும்போதே வீட்டு ஜன்னல் அதிரும். பாலத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு நிமிஷம். அதற்குள் சிட்டுவின் அம்மா அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வருவாள். "கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டும்ணா" என்று விட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விடுவாள். சிட்டு நேரே கட்டிலுக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொள்ளும். தூக்கி மடியில் வைத்தால் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அது தூங்கிப்போன பிறகுதான் அம்மா வந்து தூக்கிப் போவாள்.

இடி இடித்தால் ஜன்னலுக்கு ஓடி வேடிக்கை பார்க்கிற பெண். அதை ஒரு கார் சத்தம் இந்தப் பாடு படுத்துகிறதே என்று மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாகச் சைலன்சர் வேலை பார்க்கிறவன் மாடியில் இருந்து என்ன பிரயோஜனம்?

கீழ்வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பிக்கப் குறையுமா?"

"துளிகூடக் குறையாது சார். குழாய் அகலத்துல கை வைக்கவே மாட்டேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தவருக்குச் சம்மதம் கிடைத்தது. சத்தத்துக்காகப் போலீஸ் ஏற்கெனவே இரண்டு முறை மறித்திருக்கிறதாம். அடுத்த தடவை வண்டியையே எடுத்துக்கொள்வார்களாம். "செய். ஆனா பிக்கப் குறைஞ்சுதுன்னு வையி, அப்புறம் இருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

மறுநாள் படியில் சிட்டுவின் அம்மாவைப் பார்த்ததும் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னார். அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாலத்துல வர்றப்பவாவது கேக்குமாண்ணா?"

"பாலமா? வாசல்ல வந்து நின்னாக்கூடக் கேக்காதும்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழே கதவு திறக்கும் ஓசை கேட்டதும் விடுவிடுவென்று இறங்கிவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை நடந்தது. கீழ்வீட்டுக்காரர் மெக்கானிக்கின் பட்டறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயின் நடுவில் சின்ன சைலன்சர் ஒன்று, கடைசியில் சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சு அடைத்த பெரியது ஒன்று. இணைப்பில் ஓர் இடத்தில் மயிரிழை அளவு புகை கசிந்தது. அதை வெட்டியெடுத்து மறுபடி பற்றவைத்தார். குழாய் அடித்தட்டில் இடித்து அதிராமல் இருக்கப் புது ரப்பர்களை மாட்டினார்.

ஓட்டிப் பார்க்க இரண்டு பேருமாகப் போனார்கள். நெடுஞ்சாலையில் கீழ்வீட்டுக்காரர் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதிக்க, மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி பழைய வேகத்திலேயே பாய்ந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"பலே ஆளுய்யா நீ" என்று முதுகில் ஒரு தட்டு விழுந்தது. மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். பாலத்தின் பக்கமிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஏழேகாலுக்கு எட்டிப் பார்த்தால் வாசலில் சிவப்புக் கார் நிற்கிறது. எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா, மேல உக்காந்துட்டு இருக்கேன், எனக்கே தெரியல."

அன்று சிட்டு மாடிக்கு வரவில்லை. இனி அவள் எதற்கு வரப்போகிறாள் என்று மெக்கானிக் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். அவர் மனைவி மட்டும் என்னவோ போல மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கார் கிளம்பிப் போன பிறகு, சிட்டுவிடம் நாலு வார்த்தை பேசிச் சிரிக்கலாம் என்று இறங்கினார். கடைசிப் படியில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சிட்டு. அதன் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை புது மாவுக்கட்டு.

"என்னம்மா ஆச்சு? விழுந்துட்டாளா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாலத்துல அந்தச் சத்தம் கேட்டாத்தாண்ணா, இவளை உங்ககிட்ட கொண்டுவந்து ஒளிச்சு வைக்க எனக்கு ரெண்டு நிமிஷம் கிடைக்கும். நேத்து அவர் வந்ததே தெரியலண்ணா."