கதவின் உட்பக்கம்

பழைய மாருதியின் பாடியைக் கழற்றிவிட்டு, ஃபைபரில் வார்த்த சிவப்புப் பந்தயக் கார் கூடு ஒன்றை அதன்மேல் பொருத்தினார் தயாபரன். அசல் பந்தயக் காரைப் போலவே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

"என் பக்கத்துக் கதவுல உள்ளாற ஒரு கைப்பிடி வைங்களேன்" என்றாள் அவர் மனைவி வத்சலா.

"அசல்ல கிடையாதும்மா. வெச்சா அழகே போயிடும்."

அதன்பின் அவள் கேட்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்ணாடியை இறக்குவாள், கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியைத் தேடித் திறந்துகொள்வாள்.

வத்சலா இறந்தபின் காரை விற்றுவிட நினைத்தார். பார்க்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கின் நடுவில் தயாபரனின் பெயரெழுத்து பித்தளையில் மின்னியது. கியர் நுனியில் பச்சைக்கல்.

"இதெல்லாம் அசல்ல இருக்காதே சார்?"

"அது... என் ஆசைக்கு வெச்சுக்கிட்டது."

வந்தவர் மறுபக்கம் போய், ஜன்னலுக்குக் கீழே விரலால் தடவினார். வளைவு வளைவாக மெல்லிய கீறல்கள். "வளையல் பட்ட மாதிரி இருக்கே?"

தயாபரன் அந்தப் பக்கத்து இருக்கையில் முதன்முறையாக ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியை இறக்கவில்லை.