தேயாத டிப்

சோதனைக்கூடத்து லேத்தில் வார்ப்பிரும்பு சுழன்றுகொண்டிருந்தது. அதைச் சீவும் வெட்டுமுனையான செராமிக் டிப் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் சோதனை; அது தேய்ந்தால்தான் ஆபரேட்டர் வீட்டுக்குக் கிளம்ப முடியும். போனில் மனைவி.

"படத்துக்கு நேரமாச்சு. கிளம்பிட்டீங்களா?"

"எங்க! சனியன், தேயவே மாட்டேங்குது. இதைச் செஞ்ச புண்ணியவான் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

"எந்தக் கம்பெனி டிப்பு?"

"அதை எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. கறுப்பா இருக்கு, மூலையில பச்சைப் புள்ளி."

"பச்சைப் புள்ளியா!" மறுமுனையில் குரல் உயர்ந்தது.

"ஏய், கோபமா? மெஷினை நிறுத்திட்டு வந்துடவா?"

"ஐயோ, நிறுத்தாதீங்க! விடிய விடிய ஓடட்டும்!"

"அப்போ படம்?"

"படம் கிடக்குது! அந்த டிப்பை எங்க ஃபேக்டரி சூளையில சுட்டு, புள்ளி வெச்சு அனுப்பினதே நான்தான். நீங்க தேடற புண்ணியவான் கல்யாணத்தன்னிக்கே உங்க கையில கிடைச்சாச்சு!"