பின் சீற்றுக்குக் கீழே

வோல்ட்டர் என் காரின் பெற்றோல் பம்பைத் திருடிய கதையை மூன்று வருடமாகச் சொல்லி வந்தேன். மூன்று வருடமாக அதை நானே முழுதாக நம்பவும் இல்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். தாங்கியின் அடியில் கிடந்த கொஞ்சத்தை வைத்தே ஓட்டி ஓட்டி, என் பழைய மார்ச் கார் ஒருநாள் செங்கலடிச் சந்தியில் நின்றுவிட்டது. மனைவி புஸ்பத்துக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மறுநாள் காலை ஆஸ்பத்திரி.

புளியந்தீவுக்கு, வோல்ட்டரின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பம்ப் எரிஞ்சிருக்கும் போல சேர். புதுசு கொழும்புலயும் இல்ல. பழசு ஒண்டு தேடி..."

"பழைய சாமான் என்ட காருக்கு ஏத்தப்படாது. சொல்லிப்போட்டன்."

"அப்ப அக்கா நாளைக்கு எப்படிப் போற?"

"அதுக்குத்தானே ஒங்களிட்டக் கொண்டு வந்த?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

பின்னேரம் சதீசன் போன் எடுத்தான். எங்கள் ஊர்க்காரன். கராஜுக்குப் பக்கத்தில் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணன், ஒங்கட பின் சீற்றைத் தூக்கி வோல்ட்டர் அண்ணன் பம்பைக் கழட்டிட்டார். வேற பழசு ஒண்டு பூட்டுறார். என்ட கண்ணால கண்டன்."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன்.

கார் நின்றது பெற்றோலில் கிடந்த அழுக்கால்தான், பம்ப் நன்றாகவே இருந்திருக்கும் என்று மறுநாள் கராஜுக்குப் போகும் பஸ்ஸிலேயே முடிவு கட்டினேன். விடியற்காலை கராஜ் வாசலில் நின்று கத்தினேன்.

"என்ட பம்ப் எங்க?"

"கார் ஓடுது சேர். முதல்ல அக்காவைக் கொண்டு போங்க. மறுகா கதைப்பம்."

"நல்ல சாமானை வித்துப்போட்டுப் பழசைத் தள்ளிட்டியா? கள்ளன்!"

தெருவே பார்த்தது. வோல்ட்டர் சாவியை பொனற்றின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேலை செய்யும் கந்தோரில் சொன்னேன். கோயில் கூட்டத்தில் சொன்னேன். வட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்டேன். 'நல்ல நேரம் சொன்னீங்க சேர், எங்கட வான் வண்டியையும் அவர்ட கராஜால எடுத்திட்டம்' என்று பதில்கள் வந்தன.

ஆனால் ஒவ்வொரு ஆஸ்பத்திரி நாளும், சாவியைத் திருகியதும் கார் ஸ்டார்ட் ஆகிவிடும்.

"கள்ளன் பூட்டின சாமான் நல்லாத்தான் ஓடுது," என்பாள் புஸ்பம்.

"தப்பித் தவறி ஓடுது."

"மூணு வருசமாவா?"

போன கிழமை ஆஸ்பத்திரியால் வரும்போது அவள் விடவில்லை. "அந்த மனிசனை நீங்க கேக்காட்டி நான் இறங்கிக் கேக்கிறன்."

கராஜ் பூட்டிக் கிடந்தது. பின்னாலிருந்த வீட்டிலிருந்து வோல்ட்டரின் மனைவி டல்சி வந்தார்.

"அவர் இல்ல. டவுணுக்குள்ள ஒருத்தரும் வாகனம் தாறாங்க இல்ல. கரடியனாத்துல உழவு மெசின் திருத்துறார். சனிக்கிழமைதான் வருவார்."

"கரடியனாத்துக்கு என்னத்துல போறவர்?" என்று புஸ்பம் கேட்டாள்.

"பஸ்லதான் அக்கா. எங்கட கார் ஓடாதே."

முற்றத்தில் எதையோ மூடிக் கிடந்த தறப்பாளின் ஒரு மூலையை அவர் தூக்கினார். என்னுடையதைப் போலவே ஒரு மார்ச். பின் சீற் இல்லை. பம்ப் இருந்த வாயைத் துணியால் அடைத்திருந்தார்கள்.

"இதுக்குள்ள இருந்ததுதான் சேர் ஒங்கட கார்ல ஓடுது. அக்கா விடியப் போகணுமெண்டு கழட்டினவர். புதுசு வந்தா மாத்திப்போட்டு எங்கடதைத் திருப்பி எடுக்கலாமெண்டார். ஒங்கட எரிஞ்ச பம்ப் அலுமாரிக்குள்ள இரிக்கி. வேணுமெண்டா எடுத்துத் தாறன்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"தெருவில வெச்சுக் கள்ளன் எண்ட மறுகா சொன்னா, கள்ளன் சமாளிக்கிறான் எண்டுதானே சொல்லுவீங்க?"

புஸ்பம் என்னைப் பார்க்கவில்லை. டல்சியின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பக்கத்துக் கடைக்கு நடந்தேன். போகிற அந்த இருபது அடிக்குள் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டேன். பாதியைச் சொன்னவன் சதீசன்தானே?

அவன் டியூப் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

"பாதியைச் சொல்லி ஒரு மனிசன்ட பிழைப்பைக் கெடுத்திட்டியேடா."

"நானா?" சதீசன் நிமிர்ந்தான். "முழுக்கதையையும் ஊரெல்லாம் சொன்னவன் நான். தன்ட காரைப் படுக்கப் போட்டுத்தான் ஒங்கட காரை ஓட வெச்சவர் எண்டு சொன்னன். கந்தோர்ச் சேர் பொய் சொல்லுவாரோ எண்டு என்னைத்தான் ஏசினாங்க. ஒங்களுக்கும் எத்தினை தரம் போன் எடுத்தன்? ஒருக்காத் தூக்கினீங்களா?"

தூக்கவில்லை. அவன் பெயர் போனில் வரும்போதெல்லாம் அணைத்துவிடுவேன். ஏன் என்றும் எனக்குத் தெரியும். கதை என் கையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மறுபடியும் டியூபை அமுக்கினான். குமிழிகள் வந்தன. கேட்கத்தான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

"அப்ப அண்டைக்குப் பின்னேரம் நீ எனக்குப் போன் எடுத்தது... அவரைப் புகழவா, சதீசன்?"