பதினாலு மாரடைப்பு

"எல்லாரும் மறைக்கத்தான்மா வருவாங்க. சொல்றதுக்குன்னு வந்தவங்க நீங்க ஒருத்தர்தான்," என்றார் புள்ளிவிவர அதிகாரி, நாற்காலியை அந்த அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டபடி.

அந்த அம்மா உட்காரவில்லை. அதிகாரி அனுப்பியிருந்த கடிதத்தையும், தன் ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அதிகாரிக்கு நம்பவே முடியவில்லை. சுகாதாரத் துறையில் இருபது வருஷமாகச் சாவுகளை எண்ணிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். யார், என்ன வயது, எதனால் என்று மூன்று கட்டம். முதல் இரண்டில் யாரும் பொய் சொல்வதில்லை. மூன்றாவதில்தான் எல்லாக் கூத்தும். அதுவும் இந்த ஊர்ச் சான்றிதழ்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்றே தெரியாது. ஒரே வருஷத்தில், முப்பது வயதைத் தொடாத பதினாலு பையன்களுக்கு மாரடைப்பாம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் இதயத்தைக் காகிதத்தில் செய்து வைத்தார்களா என்ன?

அத்தனையும் போதை மருந்து என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பெற்றவர்கள் வந்து டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். தங்கச்சி கல்யாணம் நின்றுபோகும், வெளியே தலைகாட்ட முடியாது என்பார்கள். அவரும் மனசு கேட்காமல் மாரடைப்பு என்று எழுதித் தொலைப்பார். அந்த டாக்டர், படிக்கிற காலத்தில் அதிகாரியோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். எத்தனையோ முறை திட்டிப் பார்த்தாயிற்று, கேட்டால்தானே.

எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. அளவு மீறிப் போட்டுக்கொண்டவனை, மூச்சு அடங்குவதற்குள் எழுப்பிவிடும் முறிவு ஊசி ஒன்று இருக்கிறது. போதையால் வருஷத்துக்குப் பத்துச் சாவு பதிவான ஊருக்குத்தான் அரசாங்கம் அதை அனுப்பும். பத்து பேர் போனால்தான் பதினோராவது ஆளுக்கு மருந்து. விதி அப்படி. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போய், மறைக்க வழியில்லாமல் பதிவானவை ஒன்பது. இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு வருஷக் கணக்கு மூடுகிறது.

அதனால்தான் பதினாலு வீட்டுக்கும் கடிதம் போட்டிருந்தார். பெற்றவர் கையெழுத்தும் டாக்டர் கடிதமும் கொண்டுவந்தால் காரணத்தைத் திருத்தலாம், ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் ஊசி வந்துவிடும் என்று கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார். பத்து வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. மூன்று வீட்டார் போனிலேயே அவருடைய பரம்பரையை இழுத்துத் திட்டினார்கள். மிச்சமிருந்த ஒரு வீட்டிலிருந்துதான் இந்த அம்மா வந்திருக்கிறார்.

என்ன மருந்து என்று தெரியுமா என்று அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த அம்மா ஒரு துண்டுச்சீட்டைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பெற்ற வாயில் அந்தப் பேர் எப்படி வரும், பாவம் என்று நினைத்துக்கொண்டார் அதிகாரி.

ஆனால் எப்படித் தெரியவந்தது என்று கேட்டதும் தடையில்லாமல் சொன்னார். வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டை, மணிக்கணக்கில் குளியலறைத் தாழ்ப்பாள், ஒவ்வொன்றாகக் காணாமல் போய், அடி கருகிக் கிடைத்த ஸ்பூன்கள். நேற்றுப் பார்த்ததைப் போலச் சொன்னார்.

கையெழுத்துப் போடும் இடத்தில்தான் பேனா நின்றது.

"இது வெளியில தெரியுமா சார்?"

அதிகாரிக்குப் பொய் சொல்ல வரவில்லை. திருத்திய பெயரை, காரணத்தோடு, ஊர் அலுவலகப் பலகையில் ஒரு மாதம் ஒட்டி வைப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அந்த அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒட்டட்டும் சார். பெரியவன் போயிட்டான். வீட்ல சின்னவன் இருக்கான். அவனுக்கு ஒண்ணு ஆகுறதுக்குள்ள ஊசி வந்துடணும்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மகனின் பெயர் இருந்த வரியை விரலால் தடவி, "கோவிச்சுக்காதடா கண்ணு," என்றார். அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதார்.

"உண்மையைச் சொன்னதுக்கு யாராச்சும் அழுவாங்களாம்மா?" என்றார் அதிகாரி. வாசல் வரைக்கும் கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

ஒன்பது பத்தானது. ஐந்து மணிக்குக் கணக்கு மூடியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு நிம்மதியை அவர் கண்டதில்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டார்.

"ஒரு வழியா உனக்கும் உண்மை எழுத வந்துடுச்சேடா. பதினாலு பொய்ல ஒண்ணாவது குறைஞ்சுது."

டாக்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கணக்கு மூடியாகிவிட்டதா, இனி யாராலும் மாற்ற முடியாதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"அந்தப் பெரிய பையன் டீ கூடக் குடிக்காதவன்டா," என்றார் பிறகு. "அந்தப் பதினாலு பேர்ல நிஜமாவே மாரடைப்புல போனவன் அவன் ஒருத்தன்தான்."