காமாலைக்காரியின் டப்பா

டப்பாவைத் திறந்து வட்டத்தின் நடுவில் வைத்தாள்.

கல்லூரி வேப்பமரத்தடியில் அந்த வகுப்புப் பெண்கள் மதியம் அப்படித்தான் உட்காருவார்கள். யார் டப்பாவிலும் யாரும் கை வைக்கலாம். கேட்கிற வழக்கமே கிடையாது.

அவள் டப்பாவில் ஒரு கையும் விழவில்லை.

எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பக்கத்தில் தங்கை தாரணியின் டப்பா. அதிலும் அதேதான். ஒரே அடுப்பு, ஒரே சட்டி, ஒரே அம்மா. தாரணியின் வறுவல் வந்த வேகத்தில் காலி.

"உங்க அம்மா கைப்பக்குவம் தனிதான்டி."

அம்மா அவளுக்கும் அம்மாதான். யாரும் அவள் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை.

தங்கையோடு ஒரே வகுப்பில் உட்காருவது யாருக்கும் வரக்கூடாத கொடுமை. அவளுக்கு வந்தது. இரண்டாம் வருடத்தை மறுபடி படிக்கிறாள்.

போன வருடம் அவள் தானாகவே சாகப் பார்த்தாள்.

வீட்டில் அதை மஞ்சள் காமாலை என்றார்கள். சொந்தக்காரர்களுக்கு, கல்லூரிக்கு, பால்காரருக்கு, எல்லோருக்கும் காமாலை. மானம் தப்பியது. காமாலை தொத்தும் என்று மற்றவர்கள் பயப்படுவார்களே, அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"அக்காவ நீதான் பாத்துக்கணும்" என்று அப்பா தாரணியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். தாரணியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தாரணி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டால் போதும். தங்கச்சியே தின்கிறாளே என்று மற்ற கைகளும் நீளும்.

டப்பாவை லேசாகத் தங்கை பக்கம் தள்ளினாள்.

தாரணி தண்ணீர் குடித்தாள்.

ஜெபசெல்விதான் வாயைத் திறந்தாள். "அக்கா, எங்க சித்தப்பாவுக்கும் காமாலை வந்துச்சு. ரெண்டு வருஷம் எண்ணெய் பக்கமே போகல. நீங்க வறுவலே சாப்பிடுறீங்க?"

எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

சொல்லிவிட்டால்தான் என்ன. காமாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எடுத்துச் சாப்பிடுங்கடி.

தாரணியின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"எனக்குச் சீக்கிரமே சரியாயிடுச்சு" என்றாள்.

யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாரணி நேரே அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் அக்கா இருப்பது தெரிந்தும் குரலைத் தணிக்கவில்லை.

"அம்மா, நாளையிலேர்ந்து அவளுக்குப் பத்தியச் சாப்பாடு குடுத்து விடு. சந்தேகப்படுறாளுங்க."

அம்மா தாரணியைத் திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தாள். போடி கிறுக்கி, அவ என்ன நோயாளியா என்று ஒரு வார்த்தை.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்தாள்.

காலையில் வழக்கம்போல இரண்டு டப்பாக்கள் தயாராக இருந்தன. தாரணியுடையதில் மூடியையும் மீறிக் கத்தரிக்காய் மணந்தது.

அவள் தன்னுடையதைத் திறந்து பார்த்தாள். மோர்ச்சாதம்.

கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள்.

அம்மா உப்புகூடப் போடவில்லை.